கட்டைவிரல் மறைத்த தாளம்

பூபாலனுக்கு எண்ணத் தெரியாது என்று கொல்லிமலையில் எவரும் சொன்னதில்லை. ஒரு வாழைத்தாரைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில், இதில் எத்தனை சீப்பு தேறும், எந்தச் சீப்பு இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும், எது மலையிறங்கும் வழியிலேயே பழுத்துவிடும் என்று சொல்லிவிடுவார். மலையின் ஊர்ப் பிரிவுகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் தகரக் கொட்டகைதான் அவருடைய கடை. சுற்றிலும் உள்ள உழவர்கள் காலையில் தார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர் அவற்றைச் சீப்புகளாக அறுத்து, சருகு வைத்துக் கூடையில் அடுக்கி, பிற்பகல் வண்டியில் அடிவாரத்துக்கு அனுப்பிவைப்பார். வயது நாற்பத்தெட்டு. தம் கத்தி ஒரு காயையும் தீண்டியதில்லை என்பது அவருடைய பெருமை. தீண்டியதுண்டு என்பது, தேவனூர் நாட்டிலிருந்து தார் கொண்டுவரும் சின்னையனின் சாட்சியம்.

பூபாலனுக்கு எண்ணத் தெரியாது என்று சொன்னவர் இந்த உலகத்தில் ஒருவரே. அவர் பூபாலனின் மாமனார் பிலிப்.

தூத்துக்குடியில் ஓர் ஆலயத்தில் நாற்பது ஆண்டுகள் ஆர்கன் வாசித்தவர் பிலிப். அவருடைய மகள் ரோஸ்லின் செவிலியராகப் பணியேற்று முதன்முதலாக மலைக்கு வந்த நாளன்று, எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார வைத்துவிட்டன. அப்போது எதிர்க் கொட்டகையிலிருந்து ஒருவர் வந்து ஒரு பழத்தை நீட்டி, "ஏனுங்க, இதைத் தின்னுங்க, தலைசுத்து நின்னுரும்" என்றார். தலைசுற்றல் நின்றது. இரண்டு ஆண்டுகளில் இருவருக்கும் தூத்துக்குடியில் திருமணம் நடந்தது.

அந்தத் திருமணத்தில் பிலிப்பே ஆர்கன் வாசித்தார். மணமகன் நடந்து வருவதற்கென்று அவர் தேர்ந்தெடுத்த இசை நான்கு பக்கம் உடையது. பூபாலனோ, தார் சுமந்து மேட்டில் ஏறிப் பழகிய நடையில் விறுவிறுவென்று வந்து, முதல் பக்கம் முடிவதற்குள் பீடத்தின் முன்னே நின்றுவிட்டார். மீதி மூன்று பக்கங்களுக்கும் அவர் அங்கேயே நின்று கூட்டத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். விருந்தின்போது பிலிப் தம் உறவினரிடம் சொன்ன வாக்கியம் பந்தி முழுவதும் பரவியது: "மாப்பிள்ளைக்குத் தராசு தெரியும். தாளம் எண்ணத் தெரியாது."

பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. பிலிப் அந்த எழுபது வளைவுகளுக்கு அஞ்சி ஒருமுறைகூட மலையேறவில்லை. ஆனால் அந்த வாக்கியம் மட்டும் எப்படியோ ஏறிவந்து கொட்டகையில் குடியிருந்தது.

பூபாலன் இதற்காகவே ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார் என்று சொன்னால் அவர் மறுப்பார். குரல் நன்றாக இருப்பதாகப் பலரும் சொன்னதால் சேர்ந்தேன் என்பார். குரல் நன்றாகத்தான் இருந்தது. பதினொரு பேர் கொண்ட அந்தக் குழுவில், அடிக்குரல் வரிசையின் கடைசி ஆள் அவர். ஐந்து கோட்டு இசையெழுத்து அவருக்குப் படிக்க வராது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டு, காதால் கேட்டதைப் பாடுவார்.

குழுவை நடத்துபவர் பிரிசில்லா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மலையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுபவர். இசையெழுத்தைச் செய்தித்தாள்போல வாசிக்கக்கூடியவர். எழுத்தில் உள்ளதே பாடம், எழுத்தில் இல்லாதது இடைச்செருகல் என்பது அவருடைய கொள்கை. ஓர் அடி நீள மர அளவுகோலால் மேசையில் தட்டித் தாளம் காட்டுவார்.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் தூத்துக்குடியிலிருந்து ரோஸ்லினின் கைப்பேசிக்கு ஒரு படமும் ஒரு செய்தியும் வந்தன. 'கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இது நானே இயற்றிய பாட்டு. உங்கள் குழு பாடட்டும்' என்பது செய்தி. மகிழ்ச்சி தாளாமல் ரோஸ்லின், 'உங்கள் மருமகனும் குழுவில் இருக்கிறார் அப்பா' என்று பதில் எழுதினார். அதற்கு மறுபடி ஒரே சொல் வந்தது: 'பார்க்கலாம்.'

அந்தச் சொல்லைப் பூபாலன் நாலைந்து முறை படித்தார். கிறிஸ்துமஸ் காலையில் மாமனார் முன்னிலையில் அடிக்குரல் வரிசையில் நின்று, அவருடைய பாட்டையே பிசகில்லாமல் பாடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அந்த ஆண்டு வேறு விருப்பம் இல்லாமற்போயிற்று.

இனி அந்தப் படம். பிலிப் கையால் எழுதிய பக்கத்தைத் தாமே கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார். எடுக்கும்போது தாள் பறக்காமல் இருக்க இடக்கைக் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்த விரல், முதல் வரியின் தொடக்கத்தைச் சரியாக மூடிக்கொண்டு, படத்திலும் பெரிதாக, தெளிவாக விழுந்துவிட்டது.

வேறு எந்த இடத்தில் விழுந்திருந்தாலும் கவலையில்லை. இசையெழுத்தில் முதல் வரியின் தொடக்கத்தில்தான் தாளக்குறி இருக்கும். அதாவது, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்கள். ஒரு கட்டத்துக்குள் எத்தனை சுரத்தின் அளவு அடங்கும் என்பதை மேல் எண்ணும், அந்தச் சுரம் காலா (நான்கு), அரைக்காலா (எட்டு) என்பதைக் கீழ் எண்ணும் சொல்லும். மற்றக் குறிகள் ஒவ்வொரு வரியிலும் திரும்ப வரும். தாளக்குறி ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

"அப்பாகிட்டக் கேட்டுரலாமா?" என்றார் பிரிசில்லா.

"விரலை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்கன்னா? எங்கப்பாகிட்டயா?" ரோஸ்லின் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு தடவை போதகர், 'ஐயா, தாளைத் தலைகீழா வச்சிருக்கீங்களோ'ன்னு கேட்டுட்டார் டீச்சர். மூணு மாசம் ஆர்கன் பக்கமே போகலை. நான் கேட்டா, மலைக்கே வர மாட்டார்."

ஆகவே பிரிசில்லா கணக்கிட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு அரைக்கால் சுரங்கள் இருந்தன. ஆறு அரைக்கால் சேர்ந்தால் மூன்று கால். எனவே மறைந்திருக்கும் குறி, மேலே மூன்று, கீழே நான்கு. ஒரு கட்டத்துக்கு மூன்று அடி. ஓர் அடிக்கு இரண்டு சுரம். கணக்கில் எள்ளளவும் பிழையில்லை. அளவுகோல் 'டக், டக், டக்' என்று மும்மூன்றாக விழ, ஒத்திகை தொடங்கியது.

பாட்டின் முதலடி, 'குளிரில் பிறந்த மழலை சிரிக்க' என்பது. அளவுகோலின் போக்கில் அது, "குளி... ரில்பி... றந்த... மழ... லைசி... ரிக்க..." என்று வந்தது.

வன அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் விவேக் கையைத் தூக்கினான். "டீச்சர், எடுத்த எடுப்பிலேயே குளிக்கச் சொல்றாரே. டிசம்பர் மாசத்துல இந்த மலையில எவன் குளிப்பான்?"

"பெரியவங்க எழுதினது அப்படித்தான் இருக்கும். பாடுல" என்றார் பிரிசில்லா.

எல்லாரும் பாடினார்கள். பூபாலனின் வாயும் பாடியது. ஆனால் அவருடைய வலக்கால் உடன்படவில்லை. அளவுகோல் மூன்று முறை தட்டும் நேரத்துக்குள் அது இரண்டே முறை தரையைத் தட்டியது. 'குளிரில்' என்பதன் தலையில் ஒன்று. 'பிறந்த' என்பதன் தலையில் ஒன்று. பலகைத் தரையாகையால் அந்த ஓசை அளவுகோலை விழுங்கியது. அடிக்குரல்காரர்கள் காலின் பின்னே போனார்கள்; பெண்கள் அளவுகோலின் பின்னே போனார்கள். நான்காவது கட்டத்தில் இரு சாராரும் பிரிந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, யாரோ கதவைத் தட்டுத மாதிரி இருக்கு" என்றார் பிரிசில்லா.

"நான் தட்டலீங்க டீச்சர். அது பாட்டுக்குத் தட்டுதுங்க."

"அப்ப அதுகிட்டச் சொல்லுங்க."

அடுத்த ஒத்திகைக்கு வருகையில் பிரிசில்லா ஒரு சணல் சாக்கை நான்காக மடித்துக் கொண்டுவந்து, அடிக்குரல் வரிசையின் ஓரத்தில் விரித்து, "இது மேல நில்லுங்க" என்றார். பூபாலன் சாக்கின்மேல் நின்று பாடினார். ஓசை அடங்கியது. ஆனால் முழங்கால் ஆடியது. அதைப் பார்த்த விவேக்கின் முழங்காலும் ஆடியது. டிசம்பர் இருபதாம் நாள் பிரிசில்லா வருத்தத்துடனே தீர்ப்பு வழங்கினார்: "இருபத்திநாலாம் தேதி கடைசி ஒத்திகை. அன்னைக்கும் கால் ஆடிச்சுன்னா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீங்க கீழே பெஞ்சில உக்காந்துதான் கேக்கணும் அண்ணாச்சி. கோபப்படக் கூடாது."

பூபாலன் கோபப்படவில்லை. மறுநாள் முற்பகல் கொட்டகையில் உட்கார்ந்து, ரோஸ்லினிடமிருந்து தம் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்ட அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரின் கட்டைவிரல் முழுத்திரையில் தெரிந்தது. நடுவே பிளந்த நகம். இளமையில் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது இரும்புக் கதவில் நசுங்கியது என்று ரோஸ்லின் சொல்லியிருந்தார்.

சின்னையன் இரண்டு தார்களை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தான். "என்னத்தய்யா அப்படிப் பாக்குற? மாமனார் கைரேகையா?"

"பாட்டு."

"அதுல பாட்டு எங்க இருக்குது? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது."

"எறும்பு இல்லடா. இந்தா பாரு, மேல ஒரு கட்டைக் கோடு. அதுல இருந்து காம்பு எறங்குது. காம்பு அடியில ஒரு கருப்பு முட்டை..." என்று சொல்லிக்கொண்டே வந்த பூபாலன் நின்றார். படத்தை இன்னும் பெரிதாக்கினார். ஒரு தடித்த கோட்டில் மூன்று காம்பு. அடுத்த கோட்டில் மூன்று காம்பு. அதற்கடுத்ததும் மூன்று. "சின்னையா, இது சீப்புடா."

"எது?"

"இது. மூணு பழச் சீப்பு. பக்கம் பூரா மூணு மூணா அறுத்து வச்சிருக்காரு."

சின்னையனும் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டான். "ஆமா. ஆனா சரியான அறுப்பு இல்ல. உன்னை மாதிரியே."

பூபாலன் அந்த ஏச்சைக் காதில் வாங்கவில்லை. அவருடைய தொழிலில் ஓர் உறுதியான வழக்கம் உண்டு. திருமணத் தாம்பூலத் தட்டுக்கென்று பழம் கேட்டால், இரண்டிரண்டாக ஒட்டியிருக்குமாறு அறுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒற்றைப் பழம் வைத்தாலும் முறையில்லை. மூன்று வைத்தாலும் முறையில்லை. இரண்டிரண்டாக வேண்டுமென்று தெரிந்த ஒருவன், வேலை மெனக்கெட்டு மும்மூன்றாக அறுக்கமாட்டான்.

"சின்னையா, தட்டுக்கு ரெண்டு ரெண்டா வேணும்னு கேட்டா, நான் மூணு மூணா அறுத்துக் குடுப்பனா?"

"குடுத்தீன்னா பொண்ணு ஊட்டுக்காரன் உன்னையும் சேத்து அறுத்துருவான்."

"அப்ப இந்த மனுசன் மட்டும் எதுக்கு அப்படிச் செஞ்சாரு?"

பிரிசில்லாவின் கணக்குப்படி ஓர் அடிக்கு இரண்டு சுரம். அப்படியானால் சுரங்கள் இரண்டிரண்டாக அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? ஆறை மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம். இரண்டு மூன்றாகவும் பிரிக்கலாம். மொத்தம் ஒன்றுதான். அறுப்பு வேறு. தம் கால் இரண்டு முறை தட்டியது இதற்காகத்தானோ என்று நினைத்தார். காலை எடுத்து எதிரே இருந்த கூடைமீது வைத்து, அதை ஒருமுறை மரியாதையோடு பார்த்தார்.

ஆனால் பிரிசில்லாவிடம் போய்க் கால் சொன்னது என்றோ வாழைப்பழம் சொன்னது என்றோ சொல்ல முடியாது. எழுத்தில் காட்ட வேண்டும். ஆலய அலமாரியில் பிரிசில்லாவின் பழைய ஆர்கன் பயிற்சி நூல் ஒன்று இருந்தது. அலமாரித் திறவுகோல் ரோஸ்லினிடம் இருந்தது. அன்று பிற்பகலே நூல் கொட்டகைக்கு வந்துவிட்டது. பூபாலன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒரு சுரத்தின் பெயரும் அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் உள்ள இரண்டு எண்களைப் பார்ப்பார். பிறகு சீப்புகளைப் பார்ப்பார். உரிய பக்கத்தில் ஒரு வாழைநாரைச் செருகுவார்.

மேலே மூன்று, கீழே நான்கு என்றிருந்த இடங்களில் சீப்புகள் இரண்டிரண்டாக இருந்தன. மேலே ஆறு, கீழே எட்டு என்றிருந்த இடங்களில் மும்மூன்றாக இருந்தன. இரண்டு பக்கங்களில் மட்டும், மூன்று-நான்கு என்று தலைப்பிட்டுவிட்டு ஆறையும் ஒரே சீப்பாக அறுத்திருந்தார்கள். இது அவரை ஒரு பகல் முழுவதும் வாட்டியது. அன்று இரண்டு காய்களில் கத்தி பட்டுவிட்டதைச் சின்னையன் கண்ணால் கண்டான். கடைசியில், ஆறும் ஒரே சீப்பாக இருந்தாலும் இருக்கட்டும், மூன்று-நான்கு என்று தலைப்பிட்ட எந்த இடத்திலும் மும்மூன்றாக அறுக்கவில்லையே என்று தெளிந்தார்.

இருபத்துமூன்றாம் நாள் மாலை, பள்ளி விட்டு வந்த பிரிசில்லாவின் முன்னே நார் தொங்கும் நூலை வைத்தார். பதினேழு நார்கள். "டீச்சர், ஆறு-எட்டுங்க. மூணு-நாலு இல்லீங்க."

"யாரு சொன்னா?"

"உங்க புஸ்தகம் சொல்லுதுங்க."

பிரிசில்லா ஒவ்வொரு நாராகப் புரட்டினார். படத்தையும் பார்த்தார். நல்ல ஆசிரியை ஆகையால், சரியான விடையைத் தவறு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நல்ல ஆசிரியை ஆகையாலேயே, தேர்வுக்கு முந்தின நாள் பாடத்தை மாற்றவும் மனம் வரவில்லை.

"இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நான் மொத்தத்தை எண்ணுனேன், எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்கலை. ஆனா நாளைக்குப் பிலிப் ஐயா வந்துருவாங்க. மூணு வாரமாப் பழகினதை ஒரு பொழுதுல மாத்தி, அதுவும் அரைகுறையாப் போச்சுன்னா? வேண்டாம். பழகின மாதிரியே பாடிருவோம்."

"அப்ப என் காலுங்க டீச்சர்?"

"சாக்கு இருக்குல்லா" என்றார் பிரிசில்லா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இருபத்துநான்காம் நாள் நண்பகலில் பிலிப் வந்து இறங்கினார். ஒரு கையில் பை. மறு கையில் முகர்ந்து முகர்ந்து வாடிய எலுமிச்சம்பழம். எழுபது வளைவையும் எண்ணிக்கொண்டே வந்ததாகவும், எழுபத்தொன்று இருப்பதாகவும் சொன்னார். மருமகன் நீட்டிய வாழைப்பழத்தை வாங்கித் தின்றார், தலைசுற்றல் நின்றது, ஆனால் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ள, குழுவுல இருக்கீங்களாம்லா?"

"ஆமாங்க மாமா."

"பாக்கலாம்."

பிற்பகல் மூன்று மணிக்கு ஒத்திகை. பிலிப் பின்வரிசையில் எலுமிச்சையோடு அமர்ந்தார். பூபாலன் சாக்கின்மேல் ஏறி, இரு காலையும் ஆணி அடித்ததுபோல ஊன்றி நின்றார். அளவுகோல் மும்மூன்றாக விழுந்தது. "குளி... ரில்பி... றந்த..." என்று குழு மெதுவாக ஊர்ந்தது. பூபாலனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கால் அசையவில்லை. பாட்டு முடிந்தது.

பிலிப் இரண்டு முறை கைதட்டினார். "நல்ல தாலாட்டு. பிள்ளைங்க உறங்கிரும். சரி, இனி என் பாட்டைப் பாடுங்க."

ரோஸ்லின் தம் புடவைத் தலைப்பை ஆராய்ந்தார். விவேக் கூரையைப் பார்த்தான். பிரிசில்லா அளவுகோலை மேசையில் வைத்தார். பிறகு அடிக்குரல் வரிசையின் கடைசிக்குத் திரும்பி, தெளிவான குரலில் சொன்னார்:

"அண்ணாச்சி, சாக்கை விட்டு எறங்குங்க."

பூபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டீச்சர், என் காலு ஆடவே இல்லீங்க!"

"தெரியும். இப்ப ஆடட்டும். எல்லாரும் அண்ணாச்சி காலைக் கேளுங்க. கட்டத்துக்கு ரெண்டு அடி. ஓர் அடிக்கு மூணு சுரம்."

பூபாலன் இறங்கினார். பலகைத் தரையில் வலக்கால் ஒருமுறை விழுந்தது, மறுமுறை விழுந்தது. "குளிரில்" என்று ஒரு வீச்சு, "பிறந்த" என்று ஒரு வீச்சு. முதல் முறை விவேக் பழைய பழக்கத்தில் குளித்துவிட்டு வந்ததால் பாட்டு இடறி நின்றது. இரண்டாம் முறை நிற்கவில்லை. 'குளிரில் பிறந்த மழலை சிரிக்க, குடிசை முழுதும் ஒளியே' என்று அது தொட்டில் ஆடுவதுபோல இருபுறமும் வீசி வீசி ஓடியது. பிலிப் எழுந்துவிட்டார். எலுமிச்சம்பழம் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று.

முடிந்ததும் அவர் நேரே முன்னால் வந்தார். "இதுதாம்லா என் பாட்டு! முதல்ல எதுக்கு அப்படிப் பாடுனீங்க?"

வேறு வழியின்றி ரோஸ்லின் கைப்பேசியை நீட்டினார். பிலிப் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"யாரோ விரலை வச்சிருக்கான்."

"உங்க விரல்தாம்பா."

"என் விரல் இப்படி இருக்காது."

"நகம் பிளந்திருக்குப்பா."

பிலிப் தம் இடக்கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். அந்த இடைவெளியில் பிரிசில்லா, போதகரின் மூன்று மாதக் கதையை நினைத்துக்கொண்டார். ஆனால் பிலிப் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "தாளக்குறி இல்லாம யாரு படிச்சது?" என்று கேட்டார்.

"உங்க மருமகன்தான்" என்றார் பிரிசில்லா. "நான் தப்பாப் படிச்சேன். அவங்கதான் சரியாப் படிச்சாங்க."

"மாப்பிள்ளயா? எதை வச்சு?"

"சீப்பை வச்சுங்க மாமா" என்றார் பூபாலன். "மூணு மூணா அறுத்திருந்தீங்க. ரெண்டு வேணும்னா ரெண்டாத்தானே அறுத்திருப்பீங்க?"

பிலிப் தம் எழுத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "அம்பது வருசமா எழுதுதேன். இனிமே எதை எழுதினாலும் பழமாத்தானே தெரியும் எனக்கு!" என்று சலித்துக்கொண்டார். பிறகு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாததுபோல, "எண்ணத் தெரிஞ்ச ஆளு" என்றார். அதைப் பூபாலன் கேட்டார். அவர் கேட்டதை ரோஸ்லின் பார்த்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் பனி கலைவதற்கு முன்பே ஆலயம் நிறைந்துவிட்டது. அடிக்குரல் வரிசையின் கடைசியில் பூபாலன் வெள்ளைச் சட்டையோடு, வெறுந்தரையில் நின்றார். கையில் தாள் இருந்தது. இம்முறை மரியாதைக்காக அல்ல. பாட்டு தொடங்குவதற்குள், முன்பெஞ்சில் இருந்த பிலிப் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்து மருமகனின் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றார். அளவுகோல் எழுந்தது. முதல் கட்டத்திலேயே இரண்டு கால்கள் தரையைத் தட்டின. ஒன்று மலைக்காலின் மிதமான தட்டு. மற்றொன்று தூத்துக்குடித் தோல் சப்பாத்தின் இடி.

பிரிசில்லா தட்டுவதை நிறுத்தாமலே மேசைக்கு அடியிலிருந்த சாக்கைக் காலால் நகர்த்தி, அடிக்குரல் வரிசைப் பக்கம் தள்ளினார். பூபாலன் பாட்டை விடாமல், அடி பிசகாமல், அதை இழுத்து மாமனாரின் சப்பாத்துக்கு அடியில் செருகினார்.